பின் சக்கரப் பெருமை

மனிதனுக்குத் தொந்தி விழுந்தால் வைத்தியரிடம் ஓடுகிறான். அதே மனிதன் தன் மோட்டார் காருக்குத் தொந்தி வைக்க வேண்டுமென்று பணத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடுகிறான். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய கார்களுக்குப் பின்பக்கம் மட்டும் அகலமான டயர்களைப் பூட்டிக்கொண்டு ஊர்வலம் வரும் புது மோகம் ஒன்று நமது இளைஞர்களைப் பிடித்திருக்கிறது. அந்த மோகத்தோடு சண்டை போடவே இந்தக் கட்டுரை.

சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கல்லூரியில் பௌதிகத்தைப் பாதியில் விட்டவன் நான். கதை எழுதுகிறவன். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழி பாக்கியிருக்கிறது. அந்தப் பழியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தூத்துக்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். கப்பல் ஏஜண்டு ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்த்தவர். அவருடைய தகப்பனார் 1966-ஆம் வருஷத்தில் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று வீட்டில் இருந்தது. அந்தக் காரை அவர் வைத்துக் காப்பாற்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் தகரம் எத்தனை நாள் தாங்கும்? காற்றிலே உப்பு, மண்ணிலே உப்பு, லாரியிலிருந்து ரோட்டில் சிந்துவதும் உப்பு. சனிக்கிழமைதோறும் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார். குடிக்கத் தண்ணீர் கிடைக்காத நாளிலும் கழுவுவார். பிறகு பழைய என்ஜின் எண்ணெயைத் துணியில் தோய்த்து, மூலை முடுக்கெல்லாம் தடவுவார். “வீட்டுக்காரிக்குக்கூட இவ்வளவு சிசுருஷை செய்ததில்லை” என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நண்பர் மூன்று வருஷங்களுக்கு முன்பு காலமானார். கார் மகன் கைக்கு வந்தது. பையன் நல்லவன். படித்தவன், துறைமுகத்தில் வேலை, அம்மாவிடம் பிரியம், என்னைக் கண்டால் மரியாதை. சென்ற வருஷம் வைகாசியில் நான் போனபோது, கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு என்னை எதிர்கொண்டான்.

“என்ன சித்தப்பா, வண்டியப் பாத்தியளா? பின்னால எப்படி நிக்கு? சிங்கம் மாதிரி இருக்குல்லா?”

பார்த்தேன். முன்பக்கம் அதே பழைய ஒல்லிச் சக்கரங்கள். பின்பக்கம் இரண்டு பெரிய அகல டயர்கள், மட்கார்டை விட்டு இரண்டு விரல்கடை வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. சிங்கம் என்பதைவிடத் திருநெல்வேலி அல்வாவை நிறையத் தின்றுவிட்டு வந்த மனிதர் மாதிரி இருந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிரமாதம்” என்றேன். அப்பா போன துக்கத்தில் இருக்கிற பையன் ஆசையாகக் கேட்கிறான், மனசை முறிப்பானேன் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் மேலே சொன்ன பழி.

அந்தக் காரை முப்பது வருஷமாகப் பழுது பார்த்த மெக்கானிக் ஒருவர் உண்டு. அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “அண்ணாச்சி, தம்பி கேக்க மாட்டேங்கான். ஆளு ஏத்தாம ஓட்டுனா தப்பிச்சிரும். நாலு பேர ஏத்துனா டயரு மட்கார்டு விளிம்புல உரசும். ஒண்ணு விளிம்ப வெட்டணும், இல்லாட்டா டயர மாத்தணும். ரெண்டும் செய்ய மாட்டேங்கான். நீங்க சொன்னா கேப்பான்.” நான் சொல்லவில்லை. நான் அப்போதுதான் ‘பிரமாதம்’ என்று சொல்லியாகிவிட்டதே!

ஆவணி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, பையன் தன் தாயாரையும் உறவினர் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்பட்டான். முள்ளக்காடு தாண்டி, இருபுறமும் உப்பளங்கள். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் மட்கார்டின் உள்விளிம்பு டயரின் பக்கச் சுவரை இழைப்புளி மாதிரிச் சீவிக்கொண்டே வந்திருக்கிறது. ஓரிடத்தில் வெடித்தது. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், அளத்து வாய்க்கால் கரையில் மோதி நின்றது. தாயாருக்குத் தோளெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

அதோடு முடிந்திருந்தால் ‘சொந்தக் கஷ்டம்’ என்று விட்டுவிடலாம். அந்த நேரத்தில் உப்பளத்து வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, கார் தன்மேல் வருவதைப் பார்த்துச் சைக்கிளோடு பள்ளத்தில் குதித்தாள். உயிர் பிழைத்தாள். கணுக்கால் முறிந்தது. உப்பளத்தில் அன்றாடக் கூலி. ஆவணியில் கால் முறிந்தால் எழுந்து நடக்க ஐப்பசியாகும். ஐப்பசியில் மழை வந்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. ஆக, அந்த வருஷத்தில் அவளுக்கு மிச்சமிருந்த கூலி முழுவதும் போயிற்று. வைத்தியச் செலவைப் பையன் கொடுத்தான். கூலிக்கும் ஏதோ கொடுத்தான். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் பையனோடு நானும் போயிருந்தேன். அவள் கோபப்படவில்லை, திட்டவில்லை. வெகு நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தக் காருக்குப் பின்னால அவ்வளவு பெரிய டயரு எதுக்குய்யா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டு, “சும்மா, அழகுக்கு” என்றான்.

“அழகுக்கா?” என்றாள் அவள். அதற்குமேல் பேசவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் உண்டா என்று நானும் ஒரு வருஷமாக விசாரித்து வருகிறேன். பட்டறைக்காரர்களைக் கேட்டேன், புத்தகங்களைப் புரட்டினேன், இந்த மோகத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களோடு பேசினேன். கிடைத்ததை வாசகர் முன் வைக்கிறேன்.

*

அகல டயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபிறகு, கலிபோர்னியா வாலிபர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கி, பெரிய என்ஜின்களை அதில் திணித்து, நேர்கோட்டில் கால் மைல் தூரம் பந்தயம் விட்டார்கள். 1951-இல் இதற்கென்று ஒரு தேசிய சங்கமே ஏற்பட்டது. கால் மைல் என்பது நமது கணக்கில் 400 மீட்டர் சொச்சம். நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாயும்போது வண்டியின் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. நூற்றுக்கணக்கான குதிரைசக்தி பின் சக்கரத்தில் இறங்குகிறது. சாதாரண டயர் சுழலும், புகையும், வண்டி நகராது. அதற்காகப் பின்னால் அகல டயர் போட்டார்கள். அவர்களுக்கு அது அலங்காரமல்ல, அவசியம்.

நமது அம்பாசடருக்கு வருவோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட வண்டி. 1966-ஆம் வருஷத்துக் காரில் இருப்பது 1,489 சி.சி. என்ஜின். சக்தி ஏறக்குறைய 50 குதிரை. அதுவும் பிறந்தபோது இருந்த சக்தி. அறுபது வயதில் எத்தனை குதிரை உயிரோடிருக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். இந்த என்ஜின் என்றைக்காவது பின் டயரைச் சுழற்றிப் புகைய விட்டதை யாராவது பார்த்ததுண்டா? இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்?

அமெரிக்காவிலும் உப்பு உண்டு. யூட்டா மாகாணத்தில் பான்னவில் என்ற பெரிய உப்புவெளி இருக்கிறது. 1949 முதல் அங்கே வேகப் பந்தயக் கூட்டம் கூடி வருகிறது. கல்லாய்க் காய்ந்த உப்பின்மேல் கார் ஓடுகிறது. நமது தூத்துக்குடியில் காரின்மேல் உப்பு ஓடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது நமது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. படத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவந்து பழைய காரில் மாட்டுகிறார்கள்.

“அகலமாக இருந்தால் அதிகம் பிடிக்கும், சித்தப்பா” என்றான் பையன். இது எல்லோரும் நம்புகிற கட்டுக்கதை. ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கலாம். ஆள் ஏற்றிய காரில் ஒரு பின் சக்கரத்தின்மேல் ஏறக்குறைய 350 கிலோ பாரம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 25 பவுண்டு காற்று. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 1¾ கிலோவைத் தாங்குகிறது. அப்படியானால் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒன்றரைத் தபால் கார்டு! பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். எனவே, அதே பாரம், அதே காற்று என்றால் டயர் அகலமானாலும் தொடும் இடத்தின் பரப்பு அவ்வளவாகக் கூடாது. முன்னே நீளவாட்டில் கிடந்த கார்டு இப்போது குறுக்குவாட்டில் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பந்தயக்காரனுக்குப் பிரயோஜனப்படலாம். திருச்செந்தூருக்குப் போகிறவனுக்கு என்ன பிரயோஜனம்?

சரி, பிரயோஜனம் இல்லை. கெடுதல் உண்டா என்றால், உண்டு. ஒன்றல்ல, பல.

முதலாவது, அகல டயருக்கு அகல ரிம் வேண்டும். ரிம் வெளியே தள்ளி நிற்கும். கிணற்றில் இறைத்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதும், கையை நீட்டிக்கொண்டு தூக்குவதும் ஒன்றா? தோள்பட்டை சொல்லும் வித்தியாசத்தை. காரில் அந்தத் தோள்பட்டை பேரிங்கும் ஆக்ஸிலும்தான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாரம் விழும் என்று கணக்குப் பண்ணிச் செய்த பாகங்கள் அவை. பாரத்தை வெளியே தள்ளினால் சீக்கிரம் தேயும். என்றைக்கு முறியும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாது.

இரண்டாவது, பட்டை ஸ்பிரிங். அம்பாசடரின் பின்பக்கம் பட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் பட்டை வளையும். உடல் கீழே இறங்கும். சக்கரம் மட்கார்டுக்குள் ஏறும். காலி வண்டியில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். காலி வண்டியையா நாம் வாங்கி வைத்திருக்கிறோம்? நம்மவர்கள் காரில் ஏறும் லட்சணம் தெரியாதா! ஆறு பேர், இரண்டு குழந்தைகள், ஒரு தூக்குச் சட்டி, மேலே ஒரு ஜமக்காளம். அந்த நாளில்தான் விளிம்பு டயரைச் சீவும். எங்கள் பையனுக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது, காரை நிறுத்துகிற வேலை. பிரேக்கை அழுத்தியவுடன் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் சக்கரங்கள். வளைவில் திரும்ப வழிகாட்டுவதும் முன் சக்கரங்கள்தான். பின்னால் பலத்தைக் கூட்டி முன்னால் பழையபடி விட்டுவிட்டால், வளைவில் பின்பக்கம் பிடித்துக்கொள்ள, முன்பக்கம் வழுக்கிக்கொண்டு நேரே போகப் பார்க்கும். திரும்பாத கார், சீக்கிரம் நிற்கவும் செய்யாத கார். ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் சிங்கம்!

நான்காவது, மழை. அகலமான டயருக்கு முன்னால் உள்ள தண்ணீர் இரு பக்கமும் விலக அதிக தூரம் போக வேண்டும். விலக நேரமில்லாவிட்டால் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். மிதக்கிற டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டீரிங்கும் இல்லை. தூத்துக்குடியில் மழை எப்போதாவதுதான் என்பீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதை அதற்குள் மறந்தாயிற்றா?

ஐந்தாவது, சின்ன விஷயம், ஆனால் நடுராத்திரியில் பெரிய விஷயம்: ஸ்டெப்னி. முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. டிக்கியில் இருப்பது ஒன்று. எது பஞ்சரானாலும் மற்றதற்கான சக்கரம்தான் இருக்கும் என்பது உலக நியதி.

வேகமானியையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காருக்கு ஆதியில் வந்த டயர் 5.90-15. அதன் விட்டம் சுமார் 665 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 205/60-15 என்ற டயரைப் போட்டால் விட்டம் 627. சக்கரம் சிறுத்துவிட்டது. வேகமானி ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு கூட்டிப் பொய் சொல்லும். அடிவயிறும் தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் வந்துவிடும். நமது வேகத்தடைகளின் உயரம் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

*

இனி எதிர்க்கட்சிக்காரரின் வாதங்கள்.

“டிராக்டருக்குப் பின்னால் பெரிய டயர் இல்லையா?” என்று கேட்டார் ஒரு வாலிபர். உண்டு. டிராக்டர் பின் சக்கரத்தால் உழுகிறது, சேற்றில் இழுக்கிறது. ஆதியிலேயே அதற்கென்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். உன் காரின் பின்னால் எந்தக் கலப்பையைக் கட்டியிருக்கிறாய், தம்பி? என்ஜினைப் பின்னால் வைத்துக் கட்டிய கார்கள் சிலவற்றுக்கு அந்தத் தொழிற்சாலைக்காரனே பின் டயரை அகலமாக வைக்கிறான். அவன் பாரத்தையும் அங்கே வைத்திருக்கிறான். நமது காரில் என்ஜின் முன்னால் இருக்கிறது.

“தேரி மணலில் அகல டயர் புதையாதே?” இது நியாயமான பேச்சு. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் காற்றைக் குறைத்து அகல டயரில் போனால் புதையாது, உண்மை. ஆனால் அப்போது நாலு சக்கரமும் அகலமாக இருக்க வேண்டும். மேலும், இந்தக் கார்களில் ஒன்றையாவது நான் தேரியில் கண்டதில்லை. எல்லாம் கடற்கரை ரோட்டில் மாலை ஆறு மணிக்குத்தான் நடமாடுகின்றன.

“பழைய அளவு டயர் கிடைப்பதில்லையே!” இதுவும் உண்மை, தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைக்காவிட்டால் பழைய ரிம்முக்குப் பொருந்துகிற, பழைய விட்டத்துக்கு நெருங்கிய, பாரம் தாங்குகிற டயர் நாலும் ஒரே மாதிரி போடு. யார் வேண்டாமென்றார்கள்? நாலுக்கு இல்லாத பஞ்சம் இரண்டுக்கு மட்டும் எப்படி வரும்?

“நீங்கள் பழமைவாதி. மாற்றம் என்றாலே உங்களுக்குக் கசக்கும்” என்று ஒருவர் என்மேல் பாய்ந்தார். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

காற்றடைத்த டயரே ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். 1888-ஆம் வருஷ வாக்கில், பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மிருக வைத்தியர், தம் சிறு பையன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கல்லில் கடகடவென்று அதிர்வதைப் பார்த்துப் பொறுக்காமல், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். மகனுடைய உடம்பு நோகக் கூடாது என்பதற்காகத் தகப்பன் செய்த காரியம் அது. நமது கிராமங்களில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தது. மாட்டின் கழுத்து பிழைத்தது, ரோடும் பிழைத்தது. அகலச் சக்கரம் அங்கே தர்மம். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும், எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். முந்திய காலத்தில் முட்டுக்கட்டையை நம்பி நின்ற தேர். இழுக்கிற ஜனங்களின் உயிருக்குப் பாதுகாப்பு வந்தது. நான் அதைக் கும்பிட்டு வரவேற்கிறேன். தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு 1806-இல் முதன்முதல் ஓடிய தங்கத் தேர் இருக்கிறது. அதன் சக்கரத்தில் பழுது கண்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ‘பின்பக்கம் மட்டும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும்’ என்று எந்தப் பக்தனாவது சொல்வானா?

அதே ஊரில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டி வேண்டுமென்றால் கப்பலே வேண்டும். தோணிக்குப் பெரிய புகைபோக்கி வைத்துப் படம் காட்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. காலியா, லாவோ என்று நிஜக் கப்பல்களையே வாங்கினார். மாற்றம் என்பது அது. சக்தி இல்லாத இடத்தில் சக்தியின் வேஷத்தைப் பூட்டுவதற்கு மாற்றம் என்று பெயரில்லை.

“என் கார், என் பணம், உமக்கென்ன?” இதுதான் கடைசி அஸ்திரம். சட்டத்தை முதலில் சொல்கிறேன். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றுகிற சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2021-இல் இன்னொரு விதி வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கார்களைப் பழம்பெரும் வாகனங்கள் என்று பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: கார் ஆதி உருவில் இருக்க வேண்டும், சட்டத்தையோ உடலையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அகல டயருக்கு இடம் பண்ண மட்கார்டை வெட்டியவன் இந்தக் கௌரவத்தையும் சேர்த்து வெட்டுகிறான். டயரைக் கழற்றிவிடலாம், வெட்டிய தகரம் திரும்புமா? தகப்பனார் அறுபது வருஷ உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றியதை மகன் அரை மணி நேரத்தில் வெட்டுகிறான்.

ஆனால் சட்டத்தைவிடப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. கார் உன்னுடையது, ரோடு யாருடையது?

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்தவர்களின் வழக்கம் ஒன்றை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1961-ஆம் வருஷத்தோடு பெரிய முத்துக்குளிப்புகள் நின்றுவிட்டன. வழக்கத்தின் கதை மட்டும் நிற்கவில்லை. குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே இருக்கிறவன் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்க வேண்டும். அசட்டையாக இருந்தால் உயிர் போகும். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வார்கள். தங்கை தாலி அறுக்கச் சம்மதிப்பானா? ரோட்டில் கார் ஓட்டுகிறவன் கயிறு பிடித்து நிற்கிறவன். அவன் கையில் இருப்பது தன்னுடைய உயிர் மட்டுமல்ல. எதிரே சைக்கிளில் வருகிறவள் அவனுக்குத் தங்கையுமில்லை, அத்தையுமில்லை. முகம் தெரியாதவள். அந்த முகம் தெரியாதவளுடைய கயிறும் அவன் கையில்தான் இருக்கிறது. அந்தக் கையிலே கண்ணாடி பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

அழகு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அழகை விற்றுப் பிழைக்கிறவன் நான்; அழகைப் பழிப்பேனா? ஆனால் இந்தப் பழைய காருக்கு அழகு ஏற்கெனவே இருக்கிறது. உருண்ட தோள், அகன்ற நெற்றி, நாலு சக்கரமும் ஒரே மாதிரி தரையில் ஊன்றி நிற்கிற நிதானம். அதுதான் அதன் லட்சணம். கிழவரைக் கௌரவிக்க வேண்டுமானால் நல்ல வேட்டி வாங்கிக் கொடுங்கள். பயில்வான் வேஷம் கட்டித் தெருவில் விடாதீர்கள். நல்ல பிரேக், புது ரப்பர்கள், ஒழுகாத தரை, நாலு நல்ல டயர்: இவற்றுக்குப் பணம் செலவழித்தால் அப்பாவும் மகிழ்வார், வண்டியும் மகிழும்.

எங்கள் பையன் பழைய அளவு டயர்களையே தேடிப் பிடித்து நாலு சக்கரத்துக்கும் போட்டுவிட்டான். மட்கார்டு தப்பியது, நசுங்கியதைத் தட்டி எடுத்துவிட்டார் அந்த மெக்கானிக். சனிக்கிழமைகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனே அடிவயிற்றைக் கழுவுகிறான். இதோடு சுபம் போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் போனபோது விசாரித்தேன்: “அந்த அகல டயர்களை என்ன செய்தாய்?”

“வெடிச்சது போவ மிச்சம் ஒண்ணு, ரிம்மு ரெண்டு. ஒரு பையன் வந்து கேட்டான், சித்தப்பா. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். ஒத்த டயருக்கு ஜோடி வெளிய வாங்கிக்கிடுதேன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிட்டான்.”

அன்று மாலையே கடற்கரை ரோட்டில் பார்த்தேன். ஒரு பழைய பியட் கார். முன்னால் ஒல்லி, பின்னால் கனம். ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதுகூட இராது. என் அருகில் நிறுத்தி, “எப்படி அண்ணாச்சி இருக்கு?” என்று கேட்டான்.

இந்த முறை நான் ‘பிரமாதம்’ என்று சொல்லவில்லை. உப்பளத்துப் பெண்பிள்ளையின் கேள்வியையே திருப்பிக் கேட்டேன்: “பின்னால் அவ்வளவு பெரிய டயர் எதுக்குய்யா?”

சிரித்துவிட்டுப் போனான். பதில் சொல்லவில்லை. அவனுக்குப் பதில் தெரிகிறவரையில், வாசகர்களே, உங்கள் ஊரில் இப்படி யாராவது எதிரே வந்தால் நீங்களும் அதையே கேளுங்கள். தயவுசெய்து ‘பிரமாதம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.